நாம ஓட்டு போட்ட எம்எல்ஏ யார் பேச்சைக் கேட்கணும்? தொகுதியா, கட்சியா, மனசாட்சியா? | விளக்கம்

2017 செப்டம்பர் 18. தமிழ்நாட்டில் ஒரே உத்தரவில் 18 எம்எல்ஏ-க்களின் பதவி பறிபோனது. பெரம்பூர், பூந்தமல்லி, ஆம்பூர், அரூர், தஞ்சாவூர், ஆண்டிபட்டி, பரமக்குடி, சாத்தூர், விளாத்திகுளம் என்று வடக்கிலிருந்து தெற்கு வரை 18 தொகுதிகள். அந்தத் தொகுதிகளுக்குப் புதிய எம்எல்ஏ கிடைத்தது எப்போது தெரியுமா? 2019 மே 23, இடைத்தேர்தல் முடிவுகள் வந்த பிறகு.

நடுவில் 20 மாதங்கள். பட்ஜெட் கூட்டத்தொடர் வந்தது, போனது. குடிநீர், சாலை, பள்ளிக்கூடம், அரசு மருத்துவமனை என்று எந்தப் பிரச்சனைக்கும் அந்த 18 தொகுதி மக்கள் சார்பில் சட்டமன்றத்தில் எழுந்து பேச ஆளில்லை. வரி மட்டும் எல்லாத் தொகுதி மக்களும் ஒரே மாதிரி கட்டினார்கள்.

இதில் ஓட்டு போட்ட மக்கள் செய்த தப்பு என்ன? எம்எல்ஏ பதவியை எடுத்தது மக்களா? இல்லை. மக்களிடம் யாராவது கேட்டார்களா? அதுவும் இல்லை. அப்படியென்றால் ஒரு எம்எல்ஏ உண்மையில் யாருக்குக் கட்டுப்பட்டவர்? ஓட்டு போட்ட நமக்கா, சீட் கொடுத்த கட்சிக்கா, அவருடைய சொந்த மனசாட்சிக்கா? சட்டம் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறது, நம்மிடம் மிச்சம் இருக்கும் பிடி எது என்பதை விரிவாகப் பார்ப்போம்.

பிரதிநிதி என்றால் யார்?

"நம்மாளு" என்று சொல்லித்தான் ஓட்டு போடுகிறோம். ஆனால் அந்த நம்மாளு என்ன செய்ய வேண்டும் என்பதில் ரொம்ப நாளாகவே இரண்டு கட்சி உண்டு.

முதல் கருத்து: பிரதிநிதி என்பவர் தூதர் மாதிரி. தொகுதி மக்கள் என்ன சொல்கிறார்களோ அதை அப்படியே சபையில் போய்ச் சொல்ல வேண்டும். சொந்தக் கருத்துக்கு இடமில்லை.

இரண்டாவது கருத்து: பிரதிநிதி என்பவர் அறங்காவலர் மாதிரி. மக்கள் அவர் புத்தியை நம்பிப் பொறுப்பை ஒப்படைத்திருக்கிறார்கள். விவாதத்தைக் கேட்டு, யோசித்து, எது சரி என்று படுகிறதோ அதன்படி ஓட்டு போட வேண்டும்.

இந்த இரண்டாவது கருத்தை வெளிப்படையாகச் சொன்னவர் இங்கிலாந்தின் எட்மண்ட் பர்க். 1774-ல் பிரிஸ்டல் தொகுதியில் ஜெயித்ததும், தன்னைத் தேர்ந்தெடுத்த வாக்காளர்கள் முன்னாலேயே இதைப் பேசினார். உங்களுக்காக உழைப்பேன், ஆனால் என் முடிவெடுக்கும் உரிமையை உங்களிடம் அடகு வைக்க மாட்டேன் என்பதுதான் அந்தப் பேச்சின் சாரம். பிறகு பல விஷயங்களில் தொகுதியின் விருப்பத்துக்கு எதிராகவே நின்றார். 1780 தேர்தலில் தோற்பது உறுதி என்று தெரிந்ததும் பிரிஸ்டலில் போட்டியிலிருந்தே விலகிக்கொண்டார். பர்க் தன் மனசாட்சிப்படி நடந்தார். மக்களும் அவர்கள் மனசுப்படி நடந்தார்கள். இரண்டு பக்கமும் கணக்கு நேர்.

இந்த இரண்டு பேச்சிலும் ஒரு ஆளைக் காணோம், கவனித்தீர்களா? கட்சி. இன்றைக்கு நம் ஊரில் ஓட்டுச் சீட்டு என்றாலே சின்னம்தான். வேட்பாளர் பெயர் தெரியாமல் சின்னத்தைப் பார்த்து பட்டனை அழுத்திவிட்டு வருகிறவர்கள் ஏராளம். அப்படியானால் அந்த ஓட்டு ஆளுக்கா, கட்சிக்கா?

அரசியலமைப்பில் 'கட்சி' எப்போது வந்தது?

சட்டமன்றத்துக்குள் நுழைந்ததும் எம்எல்ஏ எடுக்கும் உறுதிமொழியில் என்ன இருக்கிறது? அரசியலமைப்புக்கு உண்மையாக இருப்பேன், நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன், ஏற்கப்போகும் கடமையை நேர்மையாகச் செய்வேன். இவ்வளவுதான். கட்சித் தலைமைக்குக் கட்டுப்படுவேன் என்று அதில் ஒரு வரியும் கிடையாது.

உறுதிமொழி மட்டுமல்ல, 1950-ல் அமலுக்கு வந்த அரசியலமைப்புச் சட்டத்திலேயே அரசியல் கட்சி என்ற விஷயம் இல்லை. தேர்தல், சட்டமன்றம், அமைச்சரவை எல்லாம் இருந்தன, கட்சி இல்லை. அது உள்ளே வந்தது 35 வருஷம் கழித்து, 1985-ல். ராஜீவ் காந்தி பிரதமராக இருந்தபோது கொண்டுவரப்பட்ட 52-வது திருத்தம் மூலம் பத்தாவது அட்டவணை சேர்க்கப்பட்டது. அதைத்தான் 'கட்சித் தாவல் தடைச் சட்டம்' என்கிறோம்.

ஏன் இந்தச் சட்டம் தேவைப்பட்டது?

காரணம் இருந்தது. 1967 தேர்தலுக்குப் பிறகு வட மாநிலங்களில் எம்எல்ஏ-க்கள் கட்சி மாறுவது ஒரு தொழில் மாதிரியே ஆனது. அதில் உச்சம் தொட்டவர் ஹரியானாவின் கயா லால். சுயேச்சையாக ஜெயித்தவர், இரண்டு வாரத்துக்குள் மூன்று முறை அணி மாறினார். அங்கிருந்து பிறந்ததுதான் 'ஆயா ராம், கயா ராம்' என்ற கேலி. ராம் வந்தார், ராம் போனார் என்று அர்த்தம். ஆட்சிகள் மாதக் கணக்கில் கவிழ்ந்தன. அமைச்சர் பதவியும் பணமும் எம்எல்ஏ-க்களை இழுத்தன.

அப்போது ஏமாந்தது யார்? ஒரு கட்சியை நம்பி ஓட்டு போட்ட வாக்காளர். காலையில் ஒரு கட்சிக்கு ஓட்டு போட்டால் சாயங்காலம் அது எதிர்க்கட்சிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் என்ற நிலைமை. ஆக, சட்டத்தின் நோக்கம் வாக்காளரின் தீர்ப்பைக் காப்பாற்றுவது. அது நியாயமான நோக்கம்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

சுருக்கமாக:

• கட்சி சின்னத்தில் ஜெயித்தவர் 'தாமாகவே' கட்சியை விட்டு விலகினால் பதவி போகும்.

• சபையில் கட்சியின் உத்தரவை மீறி ஓட்டு போட்டாலோ, ஓட்டெடுப்பில் கலந்துகொள்ளாமல் இருந்தாலோ பதவி போகும். 15 நாளுக்குள் கட்சி மன்னித்துவிட்டால் தப்பிக்கலாம்.

• சுயேச்சையாக ஜெயித்தவர் எந்தக் கட்சியில் சேர்ந்தாலும் பதவி போகும்.

• ஆனால், கட்சியின் எம்எல்ஏ-க்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் ஒப்புக்கொண்டு இன்னொரு கட்சியோடு இணைந்தால் அது தாவல் இல்லை, 'இணைப்பு'.

முதலில் மூன்றில் ஒரு பங்கு பேர் பிரிந்தாலே 'பிளவு' என்று சொல்லித் தப்பிக்க வழி இருந்தது. அதை 2003-ல் 91-வது திருத்தம் நீக்கியது. அதே திருத்தம் அமைச்சரவையின் அளவையும் சபை எண்ணிக்கையில் 15 சதவீதத்துக்குள் சுருக்கியது. தகுதி நீக்கம் ஆனவர் மறுபடி ஜெயித்து வரும் வரை அமைச்சர் ஆக முடியாது என்றும் சொன்னது.

இதில் இரண்டாவது அம்சத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். கட்சியின் உத்தரவை சபையில் சொல்பவர் கொறடா. கொறடா என்றால் சாட்டை. ஆங்கிலத்திலும் இந்தப் பதவிக்குப் பெயர் சாட்டைதான். வேட்டைக்குப் போகும்போது கூட்டத்தை விட்டு விலகி ஓடும் நாய்களைச் சாட்டையால் ஓட்டி உள்ளே சேர்க்கும் ஆளுக்கு இருந்த பெயர் அது. நாடாளுமன்றத்துக்கு வந்த பிறகும் வேலை கிட்டத்தட்ட அதேதான்.

'ஆட்சி கவிழும் ஓட்டெடுப்பில் மட்டும் கட்சி பேச்சைக் கேள்' என்று சட்டம் சொல்லியிருந்தால் பிரச்சனை இல்லை. ஆனால் சட்டத்தில் இருப்பது 'எந்த உத்தரவாக இருந்தாலும்'. உங்கள் தொகுதி விவசாயிகளைப் பாதிக்கும் ஒரு மசோதா வருகிறது, தொகுதியே எதிர்க்கிறது, எம்எல்ஏ-வுக்கும் மனசு ஒப்பவில்லை என்று வைத்துக்கொள்வோம். கொறடா உத்தரவு வந்துவிட்டால் அவர் கையைத் தூக்கித்தான் ஆக வேண்டும். இல்லாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

1992-ல் கிஹோட்டோ ஹொல்லோஹன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டம் செல்லும் என்று 3-க்கு 2 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பில், ஆட்சியின் மீதான நம்பிக்கை, கட்சியின் அடிப்படைக் கொள்கை போன்ற விஷயங்களில் மட்டும் இந்தத் தண்டனை வரும்படி பார்த்துக்கொள்வது நல்லது என்ற கருத்தும் இருந்தது. நடைமுறையில் அந்தக் கருத்து பெரிதாக எடுபடவில்லை.

18 பேர், 11 பேர்: தமிழ்நாட்டில் என்ன நடந்தது?

இப்போது முதலில் சொன்ன 18 தொகுதிகளுக்கு வருவோம். 2016 தேர்தலில் அதிமுக ஜெயித்தது ஜெயலலிதாவை முன்னிறுத்தி. அந்த ஆண்டு டிசம்பர் 5-ம் தேதி அவர் காலமானார். அதற்குப் பிறகு கட்சிக்குள் நடந்தது நமக்குத் தெரிந்த கதை. ஓ. பன்னீர்செல்வம் ஒரு பக்கம், சசிகலா ஒரு பக்கம், எம்எல்ஏ-க்கள் கூவத்தூர் சொகுசு விடுதியில்.

விடுதிக்கு வெளியே மீடியா, உள்ளே எம்எல்ஏ-க்கள், ஊரில் மக்கள். "எங்க எம்எல்ஏ எங்கே?" என்று மீம்ஸ் பறந்த நாட்கள் அவை. தொகுதி மக்கள் அவர்களிடம் கருத்து சொல்ல நினைத்தாலும் சொல்ல வழியில்லை.

2017 பிப்ரவரி 18-ல் முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி நம்பிக்கை வாக்கெடுப்பில் 122-க்கு 11 என்ற கணக்கில் ஜெயித்தார். எதிர்த்து ஓட்டு போட்ட 11 பேர் ஓபிஎஸ் அணியினர். ஆகஸ்ட் 21-ல் இரண்டு அணிகளும் இணைந்தன. ஓபிஎஸ் துணை முதலமைச்சர் ஆனார்.

மறுநாளே, ஆகஸ்ட் 22-ல், டிடிவி தினகரன் ஆதரவு எம்எல்ஏ-க்கள் ஆளுநரைச் சந்தித்து, முதலமைச்சர் மீது நம்பிக்கை இல்லை என்று கடிதம் கொடுத்தார்கள். அவர்களில் 18 பேரைத்தான் சபாநாயகர் தனபால் செப்டம்பர் 18-ல் தகுதி நீக்கம் செய்தார். கட்சியை அவர்கள் 'தாமாகவே கைவிட்டதாக' அந்த உத்தரவு எடுத்துக்கொண்டது.

வேடிக்கை என்னவென்றால், சபைக்குள் ஆட்சிக்கு எதிராகவே ஓட்டு போட்ட 11 பேர் பதவியில் தொடர்ந்தார்கள். சபையில் எதிர்த்து ஓட்டே போடாமல், ஆளுநரிடம் கடிதம் கொடுத்த 18 பேர் பதவி இழந்தார்கள். இரண்டு விவகாரங்களிலும் சட்டக் காரணங்கள் வேறு வேறாக வாதிடப்பட்டன என்பது உண்மை. ஆனால் பார்த்துக்கொண்டிருந்த சாதாரண வாக்காளருக்கு இது எப்படித் தெரிந்திருக்கும்?

11 பேர் விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. சபாநாயகர் நோட்டீஸ் அனுப்பிவிட்டதால் முடிவை அவரிடமே விட்டு, 2020 பிப்ரவரியில் வழக்கை நீதிமன்றம் முடித்துவைத்தது. 2021-ல் அந்தச் சட்டமன்றத்தின் ஆயுள் முடியும் வரை தகுதி நீக்கம் நடக்கவில்லை.

18 பேர் விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்தது. இடைத்தேர்தல் அறிவிக்கக் கூடாது என்று நீதிமன்றம் தடை போட்டது. 2018 ஜூன் 14-ல் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்பு சொன்னார்கள். மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபர் 25-ல் தகுதி நீக்கம் செல்லும் என்றார். அதற்கப்புறம் 2019 ஏப்ரல், மே மாதங்களில் இடைத்தேர்தல்.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 151ஏ பிரிவுப்படி காலியான இடத்துக்கு ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடக்க வேண்டும். ஆனால் தகுதி நீக்கமே வழக்கில் சிக்கிக்கொண்டால் அந்த ஆறு மாதம் எங்கே போகும்? 20 மாதத்தில் போய் நிற்கும். இதுதான் நடந்தது.

முடிவெடுப்பது யார்?

பிரச்சனையின் வேர் இங்கேதான் இருக்கிறது. தாவல் நடந்ததா இல்லையா என்று முடிவு செய்பவர் சபாநாயகர். அவர் பெரும்பாலும் ஆளும் கட்சியிலிருந்து வந்தவர். எத்தனை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று சட்டத்தில் காலக்கெடுவும் இல்லை. எனவே ஒரு மனு மீது நான்கு வாரத்தில் முடிவு வரும், இன்னொரு மனு நான்கு வருஷம் கிடப்பில் கிடக்கும். எல்லாக் கட்சிகளும் ஆட்சியில் இருக்கும்போது ஒரு மாதிரியும், எதிர்க்கட்சியாக இருக்கும்போது வேறு மாதிரியும் பேசிய விஷயம் இது.

மணிப்பூர் விவகாரத்தில் 2020 ஜனவரி 21-ல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், சாதாரணமாக மூன்று மாதத்துக்குள் சபாநாயகர் முடிவெடுக்க வேண்டும் என்றது. சபாநாயகரும் ஒரு கட்சியைச் சேர்ந்தவர்தான் என்பதால், இந்த அதிகாரத்தை சுதந்திரமான ஒரு தீர்ப்பாயத்திடம் கொடுப்பது பற்றி நாடாளுமன்றம் யோசிக்கலாம் என்றும் சொன்னது. அதற்காக இதுவரை சட்டத் திருத்தம் வரவில்லை.

சட்டத்தில் ஓட்டை எங்கே?

ஒன்று, மொத்தமாகத் தாவுவது. ஒருத்தர் போனால் தாவல், மூன்றில் இரண்டு பங்கு பேர் சேர்ந்து போனால் இணைப்பு. 'சில்லறையா போனா தப்பு, மொத்தமா போனா தப்பில்லையா?' என்று விமர்சகர்கள் கேலி செய்வது இதைத்தான்.

கோவாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 ஜூலையில் அங்கே காங்கிரஸின் 15 எம்எல்ஏ-க்களில் 10 பேர் பாஜகவுக்குப் போனார்கள். சரியாக மூன்றில் இரண்டு பங்கு. அந்த அனுபவத்தால் 2022 தேர்தலுக்கு முன் காங்கிரஸ் தன் வேட்பாளர்களைக் கோயில், சர்ச், தர்கா மூன்றுக்கும் அழைத்துப் போய், கட்சி மாற மாட்டோம் என்று சத்தியம் வாங்கியது. ஜெயித்தது 11 பேர். அந்த ஆண்டு செப்டம்பரில் அவர்களில் 8 பேர் பாஜகவில் இணைந்தார்கள். சட்டமும் தடுக்கவில்லை, சத்தியமும் தடுக்கவில்லை.

இரண்டாவது, ராஜினாமா. கட்சி மாறினால்தானே பதவி போகும், பதவியையே விட்டுவிட்டு, ஆட்சி கவிழ்ந்த பிறகு புதுக் கட்சி சின்னத்தில் இடைத்தேர்தலில் நின்றால்? கர்நாடகாவில் 2019-ல் நடந்தது இதுதான். காங்கிரஸ், மஜத கட்சிகளைச் சேர்ந்தவர்கள் ராஜினாமா கடிதம் கொடுக்க, குமாரசாமி அரசு கவிழ்ந்தது. 17 பேரை சபாநாயகர் தகுதி நீக்கம் செய்தார். தகுதி நீக்கம் சரி, ஆனால் அவர்கள் மறுபடி தேர்தலில் நிற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் சொன்னது. அடுத்த மாதம் 15 தொகுதிகளில் இடைத்தேர்தல். பாஜக 12 இடங்களில் ஜெயித்தது. தகுதி நீக்கமானவர்களில் பெரும்பாலோர் புதுக் கட்சி சின்னத்தில் அதே தொகுதியில் ஜெயித்து வந்தார்கள்.

தமிழ்நாட்டில் முடிவு நேர் எதிர். 2019 இடைத்தேர்தல் நடந்த 22 தொகுதிகளில் திமுக 13, அதிமுக 9. தினகரனின் அமமுக ஒரு இடத்திலும் ஜெயிக்கவில்லை. தகுதி நீக்கமானவர்களில் செந்தில் பாலாஜி மட்டும் அரவக்குறிச்சியில் திமுக வேட்பாளராக நின்று ஜெயித்தார்.

இரண்டு மாநிலங்கள், இரண்டு விதமான தீர்ப்புகள். ஆனால் ஒரு ஒற்றுமை இருக்கிறது. "நீ செய்தது சரியா, தப்பா?" என்ற கேள்வி கடைசியில் வந்து நின்றது வாக்காளரிடம்தான். அந்தத் தீர்ப்பு எந்தப் பக்கம் போனாலும், அதைச் சொல்லும் உரிமை அவருக்குத்தான் உண்டு. கர்நாடகாவில் அந்தக் கேள்வி சில மாதத்தில் மக்களிடம் வந்தது. இங்கே வருவதற்கு 20 மாதம் ஆனது.

அம்பேத்கர் சொன்ன இரண்டு மதிப்பீடுகள்

நமக்கு ஏன் அமெரிக்கா மாதிரி அதிபர் ஆட்சி வேண்டாம், நாடாளுமன்ற முறை வேண்டும்? 1948 நவம்பர் 4-ல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். நாடாளுமன்ற முறையில் ஆட்சியாளர்களை இரண்டு விதமாக மதிப்பிடலாம் என்றார் அவர். ஒன்று, தேர்தல் வரும்போது மக்கள் செய்யும் மதிப்பீடு. இன்னொன்று, கேள்விகள், தீர்மானங்கள், நம்பிக்கையில்லாத் தீர்மானம், விவாதம் வழியாக உறுப்பினர்கள் தினமும் செய்யும் மதிப்பீடு. இந்தத் தினசரி மதிப்பீடு இந்தியா மாதிரி நாட்டுக்கு ரொம்ப அவசியம் என்பது அவர் கருத்து.

அந்தத் தினசரி வேலையை நமக்காகச் செய்ய வேண்டியவர்தான் எம்எல்ஏ. ஆனால் கட்சி உத்தரவை மீறினால் பதவி போகும் என்ற பயம் தலைக்கு மேல் தொங்கும்போது, ஆளும் கட்சி எம்எல்ஏ ஒருத்தர் தன் அமைச்சரையே எதிர்த்து ஓட்டு போடுவாரா? அதனால் மசோதாக்கள் வரும் முன்பே முடிவு தெரிந்துவிடுகிறது. மேஜையைத் தட்டும் சத்தம் மட்டும் மிச்சம்.

பிரிட்டனில் நிலைமை வேறு. 2019 ஜனவரி 15-ல் பிரதமர் தெரசா மேயின் பிரெக்சிட் ஒப்பந்தம் 432-க்கு 202 என்று தோற்றது. எதிர்த்தவர்களில் 118 பேர் அவருடைய சொந்தக் கட்சி எம்பி-க்கள். யாருக்கும் எம்பி பதவி போகவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் 21 பேரைக் கட்சி நாடாளுமன்றக் குழுவிலிருந்து நீக்கியது. அப்போதும் அவர்கள் எம்பி-யாகவே தொடர்ந்தார்கள். கட்சி கொடுத்ததைக் கட்சி எடுத்துக்கொள்ளலாம், மக்கள் கொடுத்ததை எடுக்க முடியாது என்பது அங்கே நடைமுறை.

அதற்காக இந்தச் சட்டத்தையே தூக்கிவிடலாமா? தூக்கினால் ஆயா ராம்கள் திரும்பி வருவார்கள் என்ற பயத்திலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் நடு வழியாகச் சிலர் சொல்வது: நம்பிக்கை வாக்கெடுப்பு, பட்ஜெட் இரண்டுக்கும் மட்டும் கொறடா உத்தரவு செல்லட்டும். மற்ற மசோதாக்களில் எம்எல்ஏ-க்களை சுதந்திரமாக விடுங்கள்.

பிடிக்காத எம்எல்ஏ-வைத் திரும்ப அழைக்க முடியுமா?

முடியாது. இந்தியாவில் எம்எல்ஏ, எம்பி-யை நடுவில் திரும்ப அழைக்கும் உரிமை வாக்காளருக்கு இல்லை. 1970-களில் ஜெயபிரகாஷ் நாராயண் இந்த உரிமைக்காகக் குரல் கொடுத்தார். தனிநபர் மசோதாக்களும் வந்தன. எதுவும் சட்டமாகவில்லை.

உள்ளாட்சி அளவில் சில மாநிலங்களில் இருக்கிறது. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கரில் நகராட்சித் தலைவர்களை மக்கள் ஓட்டு போட்டுத் திரும்ப அழைத்திருக்கிறார்கள். ஹரியானாவில் 2020-ல் கிராமத் தலைவர்களுக்கு இந்த முறை கொண்டுவரப்பட்டது.

பிரிட்டனில் 2015-ல் இதற்குச் சட்டம் வந்தது. ஆனால் நினைத்த நேரத்தில் அழைக்க முடியாது. எம்பி சிறைத் தண்டனை பெற்றாலோ, சபையிலிருந்து குறிப்பிட்ட நாட்கள் சஸ்பெண்ட் ஆனாலோ, படிக் கணக்கில் மோசடி செய்து தண்டனை பெற்றாலோ மட்டும்தான் மனு திறக்கும். தொகுதி வாக்காளர்களில் 10 சதவீதம் பேர் ஆறு வாரத்துக்குள் கையெழுத்து போட்டால் பதவி காலி. 2019-ல் பீட்டர்பரோ தொகுதியில் முதல் முறையாக ஒரு எம்பி இப்படிப் பதவி இழந்தார்.

இதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. 10 சதவீதக் கையெழுத்து போதும் என்றால், நம் ஊரில் தோற்ற வேட்பாளர் மறுநாளே கிளிப்போர்டோடு கிளம்பிவிடுவார். அவருக்கு விழுந்த ஓட்டே பெரும்பாலும் அதைவிட அதிகம். தண்டனை, முறைகேடு மாதிரி தெளிவான காரணங்களோடு கட்டிவைத்தால்தான் இந்த முறை வேலை செய்யும்.

நோட்டா? 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வந்தது. 'யாரும் வேண்டாம்' என்று பதிவு செய்யலாம். ஆனால் சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் நோட்டாவுக்கு அதிக ஓட்டு விழுந்தாலும், அடுத்து அதிக ஓட்டு வாங்கிய வேட்பாளர்தான் வெற்றி. கோபத்தைக் காட்டலாம், ஆளை மாற்ற முடியாது.

அஞ்சு வருஷத்துக்கு நடுவுல நாம என்ன செய்யலாம்?

கையில் ஒன்றுமே இல்லையா என்றால், அப்படியும் இல்லை.

• பிரமாணப் பத்திரம்: வேட்பாளரின் சொத்து, கடன், கல்வி, குற்ற வழக்குகள் எல்லாம் அவர் தாக்கல் செய்யும் பிரமாணப் பத்திரத்தில் இருக்கும். 2002, 2003 உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளால் கிடைத்த உரிமை இது. தேர்தல் ஆணைய இணையதளத்தில் பார்க்கலாம். இரண்டு தேர்தல் பத்திரங்களை அருகருகே வைத்துப் பார்த்தாலே பல கதைகள் தெரியும்.

• தொகுதி மேம்பாட்டு நிதி: தமிழ்நாட்டில் ஒரு எம்எல்ஏ-வுக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். எம்பி-க்கு 5 கோடி. எந்தத் தெருவில் எந்த வேலைக்குப் போனது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும்.

• சபையில் என்ன பேசினார்? தெருவில் போஸ்டர் ஒட்டுவதைவிட சபையில் கேட்கும் கேள்விதான் எம்எல்ஏ-வின் உண்மையான வேலை. நம் தொகுதியைப் பற்றி எத்தனை முறை பேசினார் என்று அவரிடமே கேளுங்கள். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் வந்தாரா என்பதை மட்டும் நாம் கணக்கு வைத்தால், அவரும் அதை மட்டும்தான் செய்வார்.

• கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை. இங்கே பிரதிநிதி என்ற ஆளே நடுவில் இல்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் ஒவ்வொருவரும் உறுப்பினர். வரவு செலவுக் கணக்கைக் கேட்கலாம், தீர்மானம் கொண்டுவரலாம்.

கணக்கு கேட்பது நமக்குப் புதிதும் இல்லை. சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முந்தைய, முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர் கல்வெட்டு குடவோலை முறைக்குப் பெயர் பெற்றது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்கு காட்டாதவர் மறுபடி உறுப்பினராக முடியாது, அவருடைய நெருங்கிய உறவினரும் முடியாது என்று அதில் விதி இருக்கிறது. அந்த முறையில் நிலமும் வேதக் கல்வியும் உள்ள ஆண்களுக்கு மட்டுமே இடம் இருந்தது. இன்றைய ஜனநாயகத்தோடு அதை ஒப்பிட முடியாது. ஆனால் 'கணக்கு காட்டாதவனுக்கு மறுபடி பதவி இல்லை' என்ற அந்த ஒரு விதி இன்றைக்கும் பொருந்தும்.

சரி, கடைசியாக என்னதான் பதில்?

சட்டப்படி பார்த்தால், சபைக்குள் நடக்கும் ஒவ்வொரு ஓட்டெடுப்பிலும் எம்எல்ஏ கட்சிக்குக் கட்டுப்பட்டவர். தேர்தல் நாளில் மட்டும் நமக்குக் கட்டுப்பட்டவர். வாக்காளரைக் காப்பாற்ற வந்த சட்டம், கடிவாளத்தை வாக்காளர் கையில் கொடுக்காமல் கட்சித் தலைமை கையில் கொடுத்துவிட்டது.

அதை மாற்றப் பெரிய புரட்சி தேவையில்லை. கொறடா உத்தரவுக்கு ஒரு எல்லை, சபாநாயகர் முடிவுக்கு ஒரு காலக்கெடு, தகுதி நீக்கம் நடந்தால் ஆறு மாதத்துக்குள் கண்டிப்பாக இடைத்தேர்தல். இந்த மூன்றும் சட்டத்தில் வந்தாலே 18 தொகுதிகளுக்கு நடந்தது இன்னொரு முறை நடக்காது. அடுத்த முறை ஓட்டு கேட்டு வாசலுக்கு வரும் வேட்பாளரிடம், சாலையும் தண்ணீரும் கேட்கும்போது, இந்த மூன்றில் அவர் கருத்து என்ன என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். அன்றைக்கு ஒரு நாள் அவர் நமக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.